எட்டாவது குழல்

கெமண்டைன் அரிசி மில்லில் வேலை பார்த்த தமிழர்களுக்கு முழங்கால் தெரியக் கட்டம் போட்ட பாவாடை கட்டிவிட்டு ஊர்வலம் விட்ட புண்ணியம் அந்த மில்லின் பெரிய துரையைச் சேரும். அவர் ஸ்காட்லாந்துக்காரர். குளிர்காலம் வந்தால் தன் ஊர் வாத்தியத்தைக் கேட்காமல் இருக்க முடியாது என்பது அவருக்கு ஒரு வியாதி. ரங்கூனில் குளிர் என்பது மார்கழியிலும் தையிலும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சமாச்சாரம். காலையில் ஆற்றின் மேல் பனி நிற்கும், பத்து மணிக்குக் காணாமல் போகும். துரைக்கு அது போதும். 1921-ல் பெட்டி பெட்டியாகத் தோல்பை வாத்தியங்களைக் கப்பலில் வரவழைத்தார். கூலிக்காரர்கள் குடியிருந்த லைனிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, எட்டுப் பேருக்கு ஊதவும் நாலு பேருக்கு மேளம் அடிக்கவும் சொல்லிக்கொடுக்க, பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரையும் அமர்த்தினார்.

முதல் தடவை அந்தப் பாவாடையோடு அவர்கள் லைனை விட்டு வெளியே வந்தபோது பெண்கள் சிரித்த சிரிப்பு சந்தை வரைக்கும் கேட்டது. மேளக்கார இப்ராஹிம் மட்டும் உள்ளே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடித்தான், அப்படியே வந்தான். மற்றவர்கள் முழங்காலில் குளிர் ஏற ஏறப் பழகிக்கொண்டார்கள்.

வருஷா வருஷம் போட்டி உண்டு. ஆங்கிலப் புத்தாண்டுக்கு அடுத்த சனிக்கிழமை, நகரத்து மைதானத்தில், மற்ற மில்களிலிருந்தும் பட்டாளத்திலிருந்தும் ஐந்தாறு பேண்டுகள் வந்து இறங்கும். ஜெயித்தவர்களுக்கு ஒரு வெள்ளிக் கேடயம். ஊதுகிறவர்கள் எட்டுப் பேர் இருந்தால்தான் களத்தில் நிற்க விடுவார்கள். ஏழு பேரோடு போனால் வேடிக்கை பார்த்துவிட்டு டிராம் ஏறித் திரும்ப வேண்டியதுதான்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் செல்லக்கண்ணு. தவிட்டு அறையில் வேலை. மன்னார்குடிப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். ஊரில் அவர் ஒரு நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து பிடித்துக்கொண்டிருந்தார். ஒத்து என்றால், நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ராகமும் பாட்டுமாக வெளுத்து வாங்கும்போது, பின்னால் நின்று விடாமல் ஒரே ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே இருப்பது. கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சு வாங்கி, நாலு மணி நேரம் ஒரே சுரம். மாலை பெரியவருக்கு, சோடா பெரியவருக்கு. ஒத்து பிடித்தவன் வந்தானா இல்லையா என்பது கல்யாண வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. எட்டு வருஷம் அப்படி நின்றார் மனுஷன்.

பேண்டுக்கு ஆள் பொறுக்கியபோது பட்டாளத்துக்காரர் ஒவ்வொருவரையும் காலிப் பையில் காற்று நிரப்பச் சொன்னார். மற்றவர்கள் முகம் சிவந்து இருமிக்கொண்டு நிற்க, செல்லக்கண்ணு நாலே மூச்சில் நிரப்பிவிட்டுச் சும்மா நின்றார். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாத்தியத்தில் ஒரு பை, அதைச் சுற்றி ஐந்து குழல்கள். வாயில் வைத்துக் காற்று நிரப்ப ஒன்று. தோளில் சாய்ந்து நிற்கும் நெட்டைக் குழல்கள் மூன்று. அவை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு முனகும். கீழே விரல் வைத்துப் பாட்டு வாசிக்க ஒன்று. செல்லக்கண்ணுவுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஒத்து பிடிக்கிற வேலையை அந்த மூன்று கட்டைகளே பார்த்துக்கொள்கின்றன. விரலும் பாட்டும் தனக்கு! முப்பத்தைந்து வயதில்தான் அவர் முதன்முதலாக ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் தானே வாசித்தார்.

வாசித்தார் என்றால், அவர் பாணியில் வாசித்தார். துரைக்குப் பிடித்த ஒரு மெதுவான நடைப்பாட்டு உண்டு. அதன் மூன்றாவது அடியில் சுரம் மேலே ஏறி இறங்கும் இடம் வந்தால், செல்லக்கண்ணுவின் விரல் ஓட்டையை விட்டு ஒரேயடியாக எழும்பாது. மெல்ல உருண்டு விலகும். எட்டு வருஷம் பெரியவருக்குப் பின்னால் நின்று கேட்டதெல்லாம் அந்த ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சுரம் வளைந்து, கொஞ்சம் அழுதுவிட்டு இறங்கும்.

பேண்டு மேஸ்திரி தங்கவேலு தலையில் அடித்துக்கொள்வான். வயதில் செல்லக்கண்ணுவுக்கு இளையவன், எஞ்சின் அறையில் வேலை, பட்டாளத்துக்காரர் ஊருக்குப் போன பிறகு பேண்டு அவன் கைக்கு வந்தது.

“அண்ணே, இது படிக்கட்டு. ஏறணும், இறங்கணும். நீங்க வழுக்கிக்கிட்டு வர்றீங்க.”

“நாளைக்குச் சரி பண்ணிர்றேன் தம்பி.”

ஐந்து வருஷம் ஆகியும் அந்த ‘நாளைக்கு’ வரவில்லை.

அந்த வளைவுக்கு ஒரே ஒரு ரசிகை இருந்தாள், அவருடைய மனைவி பவுனம்மாள். படகுத்துறைச் சந்தையில் ஆப்பக்கடை வைத்திருந்தாள். குளிர்காலத்தில் பேண்டுக்காரர்களை ஒரு மணி முன்னதாக வேலையிலிருந்து விடுவார்கள். ஆற்றங்கரை வெளியில் அவர்கள் வாசித்துப் பழகும்போது அவள் கடையை ஏறக்கட்டிவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் கூடையை வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்துக் கடையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேவை விற்கும் மா சீயும் கூட வருவாள். எட்டுப் பேர் ஒன்றாக ஊதுகிற இரைச்சலில் உன் ஆள் எது என்று எப்படிக் கண்டாய் என மா சீ பர்மியில் கேலி செய்வாள். “பொறு” என்று விரலைத் தூக்குவாள் பவுனம்மாள். மூன்றாவது அடி வரும். வளைவு வரும். “அதோ” என்பாள்.

அவர்களுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரே மழைக்காலத்தில் வாந்திபேதியில் போய்விட்டன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தது இந்த வாத்தியத்தால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பனைவெல்லத்தைக் காய்ச்சி, பைக்குள் ஊற்றிக் குலுக்கி, தோல் காற்றுப் பிடிக்கும்படி பதப்படுத்துவார் செல்லக்கண்ணு. வாசனைக்கு லைனிலுள்ள எறும்பெல்லாம் வந்து சேரும். “உங்க பிள்ளைக்குப் பால் ஊட்டி முடிச்சாச்சா?” என்று கேட்டுக்கொண்டே பவுனம்மாள் எறும்பைத் துடைப்பாள்.

தவிட்டு அறைக்கு ஒரு குணம். அங்கே வேலை பார்க்கிறவன் கண்ணிமை எப்போதும் வெள்ளையாக இருக்கும். வெளியே தெரிகிற தவிட்டை ஆற்றில் குளித்தால் போக்கிவிடலாம். உள்ளே போனதை என்ன செய்வது? செல்லக்கண்ணுவின் நெஞ்சில் இருபது வருஷத் தூசி இருந்தது. முதலில் மாடிப்படி ஏறினால் இளைத்தது, பிறகு சும்மா நடந்தாலே இளைத்தது. மில் டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்துவிட்டுக் கஷாயம் மாதிரி ஒன்றைக் கொடுத்தார். வேறு வேலைக்கு மாறிக்கொள் என்று சொல்லவும் செய்தார். தவிட்டு அறைக்காரனுக்கு வேறு வேலை யார் வைத்திருக்கிறார்கள்?

1925 போட்டியில்தான் அது நடந்தது. பாட்டு முடிகிற இடத்தில் எட்டுப் பேரும் ஒரே வெட்டாக நிறுத்த வேண்டும். பையில் மிச்சம் காற்று இருந்தாலும் ஒரு முனகல் கேட்கக்கூடாது. கடைசி அடியில் செல்லக்கண்ணுவுக்கு மூச்சு அறுந்தது. பதறிப்போய்க் கையால் பையை இறுக்கினார். ஏழு வாத்தியம் நின்ற பிறகு, அவர் தோளிலிருந்த மூன்று குழல்களும் “ம்ம்ம்” என்று கன்றுக்குட்டி மாதிரி ஒரு நீண்ட முனகல் முனகிவிட்டு அடங்கின. மைதானமே சிரித்தது. கேடயம் பக்கத்து மில்லுக்குப் போயிற்று. திரும்பும்போது டிராமில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அடுத்த குளிர்காலம் வந்தபோது துரை எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார். இதுதான் அவருடைய கடைசி வருஷம், பங்குனியில் சீமைக்கே போய்விடப் போகிறார், கேடயத்தை ஒரு தடவை கையில் பிடித்துவிட்டுப் போனால் போதும். அப்போதைக்கு ஊதுகிற ஆள் சரியாக எட்டுப் பேர். ஒன்பதாவதாகப் பழகிக்கொண்டிருந்தவன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவன், போனவன்தான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பவுனம்மாள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தங்கவேலு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மூன்று தக்கைகளை எடுத்துப் பாயில் வைத்தான். துரை பங்களாவில் காலியான புட்டிகளின் தக்கைகள்.

“என்ன தம்பி இது?”

“அண்ணே, நீங்க வரணும். நீங்க வரலேன்னா ஏழு பேருதான், களத்துலயே விடமாட்டான்.”

“வர்றேன். அதுக்கென்ன?”

தங்கவேலு தக்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். “வாங்க. பாவாடை கட்டுங்க, பையைத் தூக்குங்க, விரலை ஆட்டுங்க. ஆனா… ஊத வேணாம்ணே. குழலைக் கழட்டி உள்ள இதை அடைச்சிருவோம். வெளிய தெரியாது.”

செல்லக்கண்ணு ஒரு தக்கையைக் கையில் எடுத்து உருட்டினார். கோபம் வரும் என்று தங்கவேலு எதிர்பார்த்தான். கோபப்பட மூச்சு வேண்டாமா?

“ஆக, உப்புக்குச் சப்பாணி” என்றார் செல்லக்கண்ணு.

“அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க. உங்க மாதிரி பை நிரப்புற ஆளு இந்த ரங்கூன்லயே கிடையாது. நான் பாத்தவன். ஆனா இப்போ…” கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தங்கவேலு பொல்லாதவன் இல்லை. அதுதான் தொல்லை. பொல்லாதவனாக இருந்திருந்தால் போடா என்று சொல்லியிருக்கலாம்.

“பவுனுக்குத் தெரியக்கூடாது” என்றார் செல்லக்கண்ணு.

“சத்தியமா.”

இரண்டு பேருமாக உட்கார்ந்து குழல்களைக் கழற்றினார்கள். தோள் குழல்கள் சொருகியிருந்த மூன்று ஓட்டைகளுக்கும் தக்கை சரியாக இருந்தது. விரல்குழல் சொருகும் நாலாவது ஓட்டைக்குத் தக்கை இல்லை. தங்கவேலு கணக்குத் தப்பிவிட்டான். செல்லக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார். மெதுவாக எழுந்துபோய் அடுப்படியிலிருந்து பவுனம்மாளின் நல்லெண்ணெய் சீசாவை எடுத்தார். அதன் தக்கையைப் பிடுங்கி, அரிவாள்மணையில் ஓரம் சீவி, தானே அடைத்தார். சீசா வாயில் ஒரு கந்தல் துணியைத் திணித்து, இருந்த இடத்தில் வைத்தார்.

அடுத்த இரண்டு வாரமும் பழக்கத்துக்குப் போனார். ஊதாமல் ஊதுவது ஊதுவதைவிடக் கஷ்டம். அடைத்த பை தலையணை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே ஒரு பொட்டுக் காற்று போகாது. கன்னத்தை உப்பிக்கொண்டு, மூக்கால் மூச்சை விட்டுக்கொண்டு, விரலை மட்டும் தப்பாமல் ஓட்ட வேண்டும். மூன்றாவது அடி வரும்போது அவர் விரல் தன்னால் உருண்டு விலகும். சத்தம் இல்லை. சுற்றி ஏழு பேரும் படிக்கட்டில் ஏறி இறங்குவது போல ஏறி இறங்குவார்கள். வேலிப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு படுவார். பவுனம்மாள் வழக்கம்போல் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். விரலைத் தூக்குகிறாளா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

போட்டியன்று நல்ல குளிர். வாடைக்காற்று காய்ந்து அடித்தது. இந்த மாதிரிக் காற்றில் குழலுக்குச் சத்தம் கொடுக்கும் சீவாளி உலர்ந்து சுருங்கி, சுரம் ஆளுக்கொரு பக்கம் ஓடும் என்று ஏழு பேரும் ஈரத்துணியில் சுற்றிய சீவாளியை மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். செல்லக்கண்ணுவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் அவரும் தன் சீவாளியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

வட்டமாக நின்றார்கள். இப்ராஹிம் மேளம் உருட்டினான். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பையைத் தட்டினார்கள். தன் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சத்தமும் எழாமல், இரண்டு பக்கமும் சத்தம் மதில் மாதிரி எழுந்ததை செல்லக்கண்ணு கேட்டார். எவ்வளவு சுத்தம்! ஒருவர் முன்னே போகவில்லை, ஒருவர் பின்னே தங்கவில்லை. கடைசி வெட்டு விழுந்தபோது கத்தரியால் நறுக்கியது போல நின்றது. ஒரு முனகல் இல்லை. மைதானத்தில் ஒரு நிமிஷம் காக்கை கத்தியதுதான் கேட்டது. பிறகு கைதட்டல்.

கேடயம் அவர்களுக்குத்தான். துரை குழந்தை மாதிரி அழுதுகொண்டு வரிசையாக வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். செல்லக்கண்ணுவிடம் வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் என்னவோ சொன்னார். கூட வந்த தலைமைக் குமாஸ்தா தமிழில் சொன்னார்.

“அஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான் நீ சரியா வாசிச்சியாம். துரைக்கு ரொம்ப சந்தோஷம்.”

ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். செல்லக்கண்ணு சலாம் வைத்தார். அவமானம் என்றால் இன்னது என்று அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. போன வருஷம் மைதானமே சிரித்தபோது பட்டது இதற்கு உறை போடக் காணாது.

திரும்பும்போது டிராமில், போட்டி பார்க்க வந்திருந்த பவுனம்மாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மீன் விலை பேசினாள், மா சீயின் மகன் சண்டை போட்டதைப் பேசினாள். கெமண்டைன் வருகிற மட்டும் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

“என் சத்தம் கேட்டுச்சா பவுனு?”

“கேக்காம என்ன” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே பார்த்தாள்.

கூட வாழ்ந்தவளையே ஏமாற்றிவிட்டோமே என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தை முடிவதற்குள் படுத்துவிட்டார். நெல் படகுகள் வரிசையாக வந்து, மில் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்த நேரம். உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது என்பதால் சுவரோரமாக மூட்டைக்குச் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். வாத்தியம் எதிரே ஆணியில் தொங்கியது. துரை போட்டியன்று சந்தோஷத்தில் அதை அவருக்கே கொடுத்துவிட்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் பவுனம்மாள் சந்தையிலிருந்து வந்தாள். கூடையை வைத்தாள், கையைத் துடைத்தாள், வாத்தியத்தை ஆணியிலிருந்து இறக்கினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் விரல்குழலைத் திருகிக் கழற்றினாள். உள்ளே விரலை விட்டு நோண்டித் தக்கையை வெளியே எடுத்தாள். அது எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டு, எழுந்து போய், நல்லெண்ணெய் சீசாவிலிருந்த கந்தலை எடுத்தெறிந்து அதைத் திரும்ப அடைத்தாள். கொஞ்சம் லொடலொடத்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றார் செல்லக்கண்ணு.

“அடைப்பு காணாமப் போன அன்னைக்குச் சீசாவைப் பாத்து எலியோன்னு நெனச்சேன். மறுநாள் வேலியில வந்து உக்காந்தேன். மூணாவது அடி வந்துச்சு. நீங்க வரலை.”

“அப்புறம் ஏன் டிராம்ல கேட்டுச்சுன்ன?”

“உங்க விரல் போனதைப் பாத்தேன்ல. அது எனக்குக் கேட்ட மாதிரிதான்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவரும் அழுதார். அழவும் மூச்சு பற்றாமல் நின்றுபோனது.

மற்ற மூன்று தக்கைகளையும் அவர் சொல்லச் சொல்ல அவளே பிடுங்கினாள், சீவாளியை நனைத்துப் பொருத்தினாள். பையை அவர் மடியில் வைத்தாள். அவர் ஊதிப் பார்த்தார். இரண்டு மூச்சுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பை கசங்கிப்போய்க் கிடந்தது.

“குடுங்க இங்க” என்றாள்.

“உனக்கு வராது பவுனு. நெஞ்சு வலிக்கும்.”

“தெனம் விடிஞ்சா மூணு அடுப்பை ஊதுகுழல் வச்சு ஊதுறவ யாரு?”

பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவர் வாய் வைத்த குழலில் வாய் வைத்து ஊதினாள். முதலில் புஸ்ஸென்று போனது. மறுபடி ஊதினாள். பை அசைந்தது, பிதுங்கியது, நிமிர்ந்தது. அவர் முழங்கையால் மெல்ல அமுக்கினார். மூன்று குழல்களும் முனகத் தொடங்கின. அவர் விரல்களை ஓட்டைகளில் வைத்தார்.

துரையின் அந்த மெதுவான நடையைத்தான் வாசித்தார். சுரம் ஆடியது, காற்று ஏறியும் இறங்கியும் வந்தது. போட்டியாக இருந்தால் முதல் அடியிலேயே வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். லைனில் பேச்சு நின்றது. மூன்றாவது அடி வந்தது. விரல் உருண்டு விலகியது. சுரம் வளைந்து, கொஞ்சம் அழுதுவிட்டு இறங்கியது. பவுனம்மாளுக்கு வாயில் குழல் இருந்ததால் ‘அதோ’ என்று சொல்ல முடியவில்லை. விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

பாட்டு முடிந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அவர் விரலை எடுத்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தாள். மூன்று குழல்களும் “ம்ம்ம்” என்று நீளமாக முனகிவிட்டு அடங்கின. போன வருஷம் கேடயத்தைப் பறிகொடுக்க வைத்த அதே முனகல். செல்லக்கண்ணு சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பதினோரு நாள் கழித்து, மில் சங்கு ஊதுகிற நேரத்தில் உயிர் போயிற்று. துரை பாதி நாள் விடுமுறை கொடுத்தார். பேண்டுக்காரர்கள் எல்லாரும் பாவாடை கட்டிக்கொண்டு வந்து பாடைக்கு முன்னால் நின்றார்கள். ஊத ஏழு பேர்தான், அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. பெண்கள் லைன் முனைவரைதான் வரலாம். அங்கே பவுனம்மாள் நிற்க, மா சீ அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நடையையே வாசித்தார்கள். மூன்றாவது அடியில் தங்கவேலு எப்படியாவது வளைத்துவிட வேண்டும் என்று நினைத்தான். விரல் கேட்கவில்லை, நேராகத்தான் ஏறி இறங்கியது. முடிவில் ஏழு பேரும் ஒரே வெட்டாக நிறுத்தினார்கள். மேளமும் நின்றது. பாடையைத் தூக்கினார்கள்.

“வா, போகலாம்” என்று மா சீ கையை இழுத்தாள். “பொறு” என்றாள் பவுனம்மாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பது போல, அங்கேயே கேட்டுக்கொண்டு நின்றாள்.